காலில் புண், தொடையிடுக்கில் நெறி: தோலும் முடியும் நகமும் நிணநீரும் நம்மைக் காப்பது எப்படி?

பள்ளிக்கூடம் விட்டு வந்த பையனின் கால் பெருவிரலில் கல் இடித்து ரத்தம் கசிகிறது. மண்ணைத் தட்டிவிட்டு விளையாடப் போய்விடுகிறான். இரண்டு நாள் கழித்து நொண்டுகிறான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், காலைக் காட்டாமல் தொடையிடுக்கைக் காட்டுகிறான். தொட்டுப் பார்த்தால் அங்கே அவரைக்கொட்டை அளவில் ஒரு கட்டி. தாய் பதறுகிறார். வீட்டிலிருக்கும் உம்மம்மா அலட்டிக்கொள்வதில்லை. “புண்ணுக்கு நெறி கட்டியிருக்கு. புண்ணைக் கவனி, நெறி தானாக் கரையும்” என்கிறார்.

உம்மம்மா சொன்னது சரிதான். ஆனால், புண் பட்டது விரலில், வீங்கியது தொடையிடுக்கில். இரண்டுக்கும் நடுவே என்ன தொடர்பு? அதைத் தெரிந்துகொண்டால், தோல், முடி, நகம், நிணநீர் ஆகிய நான்கும் தனித்தனி உறுப்புகளாக இயங்கவில்லை, ஒரே காவல் ஏற்பாட்டின் பகுதிகளாக இயங்குகின்றன என்பது புரியும். வெளியே இருக்கும் காவலை நாம் அலட்சியப்படுத்தினால், உள்ளே இருக்கும் காவலே அதற்கு விலை கொடுக்கிறது.

தோல் எனும் மதில்

நம் உடலிலேயே மிகப் பெரிய உறுப்பு தோல். வளர்ந்த ஒருவரின் தோலைப் பரப்பிவைத்தால் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரும். அதில் மேல்தோல், அடித்தோல் என இரண்டு அடுக்குகள் உண்டு. அதற்கும் கீழே கொழுப்புப் படலம். கண் இமையில் மேல்தோல் காகிதத்தைவிட மெல்லியது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் 1 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும். எங்கே உராய்வு அதிகமோ அங்கே தடிப்பும் அதிகம்.

மேல்தோலின் அடியில் புதிய செல்கள் ஓயாமல் பிறக்கின்றன. அவை மெல்ல மெல்ல மேலே வந்து, ‘கெரட்டின்’ எனும் உறுதியான புரதத்தால் நிறைந்து, இறந்து, தட்டையான ஓடுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஓடுகளுக்கு இடையே சாந்து பூசியதுபோல் கொழுப்புப் பொருள்கள் நிரம்பியிருக்கும். வெளியிலிருந்து நீரும் கிருமியும் உள்ளே போகாமலும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வற்றாமலும் தடுப்பது இந்த அடுக்குதான். பழைய ஓடு உதிரும், புதியது ஏறும். சுமார் நான்கு வாரங்களில் மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. முதுமையில் இந்த வேகம் குறைவதால்தான் முதியோரின் தோல் எளிதில் வெடிக்கிறது, புண் ஆற நாளாகிறது.

தீக்காயத்தில் தோல் பெருமளவு கருகியவருக்கு முதல் ஆபத்து, உடலின் நீர் வெளியேறிவிடுவது. அடுத்த ஆபத்து கிருமித் தொற்று. மதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அடுப்படியில் சுட்டுக்கொண்டால் பேனா மை, பற்பசை, மாவு என்று எதையும் பூசாதீர்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். காயம் பெரிதாக இருந்தால் சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

தோல் வெறும் சுவரல்ல. அதன் மேற்பரப்பு சற்றே புளிப்புத் தன்மை கொண்டது. பல நோய்க் கிருமிகளுக்கு அது ஒத்துவராது. வியர்வையில் உப்பு மட்டுமின்றி, கிருமிகளைக் கொல்லும் ‘டெர்ம்சிடின்’ எனும் புரதமும் இருப்பதை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2001இல் கண்டறிந்தனர். தோலின்மேல் குடியிருக்கும் தீங்கில்லாத நுண்ணுயிர்கள், தீங்கு செய்யும் கிருமிகளுக்கு இடம் விடுவதில்லை. ஒரு நாளைக்குப் பலமுறை கிருமிநாசினி சோப்பால் உடல் முழுவதையும் தேய்த்தால் நல்லதும் சேர்ந்தே போய்விடும்.

கறுப்பு ஒரு குடை

மேல்தோலின் அடியில் ‘மெலனின்’ எனும் நிறமியை உண்டாக்கும் செல்கள் இருக்கின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் செல்லின் மரபுப் பொருளைச் சிதைக்காமல் தடுப்பது இந்த நிறமிதான். வெயிலில் நின்றால் கறுக்கிறோம் அல்லவா? உடல் தனக்குக் குடை பிடிக்கிறது என்று பொருள். அதே வெயிலைக் கொண்டு தோல் வைட்டமின் டி தயாரிக்கவும் செய்கிறது.

இந்தக் குடையைத்தான் ‘சிவப்பழகு’ என்ற பெயரில் பலர் கிழித்துக்கொள்கிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசும் களிம்புகள் சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டும், சிலவற்றில் பாதரசமும் கலந்திருப்பதுண்டு. முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, பரு வெடித்து, வெயில் பட்டாலே எரியும். பாதரசமோ சிறுநீரகத்தையே கெடுக்கும். பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக மகளின் முகத்தில் இதைப் பூசவைக்கும் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

பெருநாள் இரவில் சில கடைகளில் போடும் ‘கறுப்பு மருதாணி’யும் இப்படித்தான். மருதாணி இலை தரும் நிறம் செம்பழுப்பு. உடனே கன்னங்கரேலென்று பிடிக்கிறதென்றால், அதில் முடிச் சாயத்தில் சேர்க்கும் ரசாயனம் கலந்திருக்க வாய்ப்புண்டு. சிலருக்கு அது கொப்புளத்தையும் ஆறாத தழும்பையும் தரும். இலையை அரைத்து இடும் பழக்கமே பாதுகாப்பானது.

முடி: காவலுக்கு நிற்கும் நுண்ணுணர்வு

உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்கள் நீங்கலாக உடலெங்கும் முடி இருக்கிறது. தலையில் மட்டும் சுமார் 1,00,000 முடிகள். மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கின்றன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. சீப்பில் நாலு முடி கண்டு கலங்க வேண்டியதில்லை.

தலைமுடி உச்சந்தலையை வெயிலிலிருந்து காக்கிறது. புருவம், நெற்றி வியர்வை கண்ணுக்குள் வழியாமல் ஓரத்துக்குத் திருப்பிவிடுகிறது. கண்ணிமை முடியில் தூசு பட்ட கணமே இமை மூடிக்கொள்கிறது. மூக்கு முடி, இழுக்கும் காற்றிலுள்ள தூசைத் தடுக்கிறது. ஆகவே அதைப் பிடுங்காமல், வெளியே நீண்டதை மட்டும் கத்தரிப்பதே சரி. பிடுங்கினால் வேர்க்குழியில் சீழ் பிடிக்கக்கூடும்.

ஒவ்வொரு முடியின் வேரையும் நரம்பு நுனிகள் சுற்றியிருக்கின்றன. கையில் எறும்பு ஊர்வது தோலில் உறைக்கும் முன்பே முடியின் அசைவால் தெரிந்துவிடும். கொசு உட்காருவதையும் பல நேரம் முடிதான் அறிவிக்கிறது. இந்தச் சிறிய எச்சரிக்கையின் மதிப்பு, பின்னால் யானைக்கால் நோயைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

நகம்: விரல் நுனியின் கேடயம்

நகமும் கெரட்டினால் ஆனதே. விரல் நுனியிலுள்ள மெல்லிய எலும்புக்கும் நரம்புகளுக்கும் அது கேடயம். குண்டூசியை எடுக்கும்போது விரலின் சதைக்குப் பின்னால் அணைப்பாக நிற்பதும் நகமே. நகம் இல்லாவிட்டால் விரலின் தொடு உணர்வே மங்கிப்போகும்.

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் அதில் பாதி வேகம்தான். விழுந்த கைநகம் முழுதாக வளர ஆறு மாதமும், கால் பெருவிரல் நகம் வளர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நகம் வெட்டுவதை 40 நாட்களுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்பது நபிவழி. கணக்குப் பார்த்தால் அதற்குள் கைநகம் 4 மில்லிமீட்டர் வளர்ந்துவிடும். மண்ணும் குடற்புழுவின் முட்டையும் தங்க அந்த இடம் போதும். 40 நாள் என்பது கடைசி எல்லை. குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை வெட்டுவதே நல்லது.

நகத்தின் அடியில் தோல் மெல்லிய விளிம்பாக ஒட்டியிருக்கும். நகத்துக்கும் தோலுக்கும் இடையிலுள்ள வாசலை அடைத்துவைப்பது இந்த விளிம்பு. அழகுக்காக அதை வெட்டினாலும், பல்லால் கடித்துப் பிய்த்தாலும் கிருமி நுழைந்து நகச்சுத்தி வரும். கால் நகத்தை ஓரத்தில் வளைத்து ஆழமாக வெட்டினால் அது சதைக்குள் குத்தி வளரும். நேராக வெட்ட வேண்டும். நகம் கரண்டிபோல் குழிந்தால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். விரல் நுனியோடு சேர்ந்து உருண்டு பருத்தால் நுரையீரல் அல்லது இதய நோயாக இருக்கலாம். இவற்றை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மதில் தாண்டிய பிறகு

இத்தனை காவலையும் மீறி, இடித்த விரலின் வழியே கிருமி நுழைந்துவிட்டது. இப்போது என்ன நடக்கும்?

மேல்தோலுக்குள் நட்சத்திரம்போல் கைகளை விரித்த செல்கள் காத்திருக்கின்றன. 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றைக் கண்டார். நரம்பு செல்கள் என்று நினைத்துவிட்டார். இவை நோய்த் தடுப்பின் ஒற்றர்கள் என்பது நூறாண்டுக்குப் பிறகே தெளிவானது. இந்தச் செல் கிருமியின் ஒரு துணுக்கைப் பிடித்துக்கொண்டு, தோலை விட்டுக் கிளம்பி, நிணநீர் நாளத்தில் இறங்கி, பக்கத்திலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகிறது. நம் மக்கள் ‘நெறி’ என்று சொல்வது இந்த முடிச்சைத்தான்.

உடலில் இப்படி 500க்கும் மேற்பட்ட முடிச்சுகள் உள்ளன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, வயிற்றின் உள்பகுதி ஆகிய இடங்களில் அவை கூட்டமாக இருக்கும். ஒற்றர் கொண்டுவந்த துணுக்கை அங்கே வெள்ளை அணுக்கள் பார்க்கின்றன. அதை அடையாளம் காணும் அணு ஒன்று பலவாகப் பெருகுகிறது; எதிர்ப்புப் பொருள் தயாராகிறது. அந்தப் பெருக்கத்தால்தான் முடிச்சு வீங்கி வலிக்கிறது. பையனின் தொடையிடுக்கில் கண்ட கட்டி நோயல்ல, நோய்க்கு எதிரான வேலை.

குழந்தை பிறந்ததும் இடது தோளில் தோலுக்குள் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியும் இதே பாதையில்தான் வேலை செய்கிறது. ஊசி போட்ட சில வாரங்களில் சில குழந்தைகளுக்கு இடது அக்குளில் சிறு நெறி தென்படுவதன் காரணமும் அதுவே.

நிணநீர் என்பது என்ன?

ரத்தம் மெல்லிய குழாய்களில் ஓடும்போது அதன் நீர்ப்பகுதி கசிந்து செல்களுக்கு உணவூட்டுகிறது. பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பிவிடும். மீந்து நிற்பது, பாடநூல் கணக்குப்படி, நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர். அதை நிணநீர் நாளங்கள் உறிஞ்சி, முடிச்சுகளில் வடிகட்டி, கழுத்தின் அடியில் உள்ள பெரிய சிரைகளில் கொண்டுசேர்க்கின்றன. இந்த வடிகால் இல்லாவிட்டால் உடல் முழுதும் வீங்கிப்போகும். மண்ணீரல், தைமஸ் சுரப்பி, டான்சில் ஆகியவையும் இந்த மண்டலத்தைச் சேர்ந்தவையே. நாம் உண்ணும் கொழுப்பும் குடலிலிருந்து இந்த வழியாகவே ரத்தத்துக்குப் போகிறது. 1622இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, அப்போதுதான் உணவு உண்ட ஒரு நாயின் வயிற்றில் பால்போன்ற வெண்ணிறக் குழாய்களைக் கண்டார். நிணநீர் நாளங்கள் பற்றிய ஆய்வு அங்கிருந்து சூடுபிடித்தது.

ரத்தத்தைத் தள்ள இதயம் உண்டு. நிணநீருக்கு அப்படி ஒரு விசை இல்லை. நாளங்களின் மெல்லிய சுருக்கமும், தசைகளின் அசைவும், மூச்சின் ஏற்ற இறக்கமுமே அதை நகர்த்துகின்றன. பின்னோக்கி வழியாதிருக்க உள்ளே சிறு அடைப்பிதழ்கள் உள்ளன. நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பாதம் கனப்பதும், சற்று நடந்தால் சரியாவதும் இதனால்தான். பாம்பு கடித்தவரை நடக்கவோ ஓடவோ விடக் கூடாது என்பதும் இதனால்தான். பல பாம்புகளின் நஞ்சு நிணநீர் வழியே பரவும். தசை அசைந்தால் அது வேகமாக ஏறும். கடிபட்ட காலை அசையாமல் வைத்து, தூக்கிக்கொண்டுபோக வேண்டும்.

வடிகால் அடைபட்டால்: யானைக்கால்

நான் பணியாற்றிய பள்ளிவாசல் ஒன்றில், கடைசி வரிசையின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழும் பெரியவர் ஒருவர் இருந்தார். கைலியை எப்போதும் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார். எல்லாரும் உளூ செய்து போன பிறகே ஹவுளுக்கு வருவார். வலக்கால் யானைக்கால். பக்கத்தில் உட்கார்ந்து உளூ செய்தால் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்திருந்தது.

ஒட்டிக்கொள்ளாது. அரபு மருத்துவர்கள் ‘தாஉல் ஃபீல்’ என்று பெயரிட்ட இந்நோய், தொடுவதால் பரவுவதே இல்லை. கொசுதான் பரப்புகிறது. இதற்குக் காரணமான நுண்புழுக்கள் கொசுவின் உடலில் வளர்வதை 1877இல் பாட்ரிக் மேன்சன் சீனாவில் கண்டறிந்தார். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது, புழுவின் இளம் வடிவம் தோலில் இறங்கி, கடித்த துளை வழியே உள்ளே போகிறது. பல மாதங்கள் திரும்பத் திரும்பக் கடிபட்டால்தான் நோய் வேர்பிடிக்கும். புழுக்கள் நேராகப் போய்த் தங்கும் இடம் நிணநீர் நாளம். 6 முதல் 8 ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, லட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈனும். இவை இரவில்தான் ரத்தத்தில் அதிகம் தென்படும். சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் கதவைத் தட்டி விரலில் ரத்தம் எடுப்பது அதற்காகவே. முகம் சுளிக்காமல் கை நீட்டுங்கள்.

புழுக்களால் நாளம் விரிந்து, அடைப்பிதழ்கள் பழுதாகி, நீர் தேங்குகிறது. அதன் பிறகு நோயை முற்றவைப்பதில் பெரும்பங்கு தோலுக்கே. தேங்கிய நீரால் தோல் தடித்து மடிப்பு விழும். விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். அந்த வெடிப்பு வழியே சாதாரணக் கிருமிகள் நுழையும். குளிரும் காய்ச்சலும் வந்து கால் சிவந்து வலிக்கும். வடிகால் பழுதானதால் கிருமியை முடிச்சுக்குக் கொண்டுசெல்லவும் வழி இல்லை. ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சமுள்ள நாளங்களையும் கெடுத்துக் காலை இன்னும் பருக்கவைக்கும்.

இந்தச் சுழலை வீட்டிலேயே பெருமளவு நிறுத்த முடியும். காலைத் தினமும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு மென்மையாகக் கழுவ வேண்டும். மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெடிப்புக்கும் சேற்றுப்புண்ணுக்கும் மருத்துவர் தரும் களிம்பைப் பூச வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்க வேண்டும். கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய்ய வேண்டும். செருப்பு அணிய வேண்டும். இவ்வளவுதான். காய்ச்சல் வருவது குறையும்; ஆரம்ப நிலையில் வீக்கமும் வற்றும்.

உலகில் 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த வீக்கத்தாலும், சுமார் 2.5 கோடி ஆண்கள் இதே புழுவால் வரும் விரைவீக்கத்தாலும் அவதிப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விரைவீக்கம் அறுவை சிகிச்சையால் குணமாகும். வெட்கப்பட்டு மறைப்பவர்களே வீணாகத் துன்பப்படுகிறார்கள். நோய் பரவியுள்ள இடங்களில் அரசு வீடுதோறும் தரும் மாத்திரையை, கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் கடும் நோயாளிகளும் நீங்கலாக எல்லாரும் விழுங்க வேண்டும். விழுங்கிய பின் சிலருக்கு வரும் லேசான காய்ச்சலும் தலைவலியும், உள்ளே புழு சாவதன் அடையாளம். நமக்குப் பக்கத்திலுள்ள இலங்கை, தொடர்ந்து பாடுபட்டு, யானைக்கால் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்ற சான்றை 2016இல் பெற்றது. முடியாத காரியம் அல்ல இது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

நாள்தோறும் பலமுறை உளூ செய்பவர்களின் பாதம் சுத்தமாக இருக்கும். ஆனால், விரலிடுக்கு ஈரத்தோடு செருப்பிலும் காலுறையிலும் நுழைந்தால் சேற்றுப்புண்ணுக்கு வாசல் திறந்தாயிற்று. கழுவியதும் ஒரு துண்டால் ஒற்றி எடுப்பது பெரிய வேலையல்ல. சர்க்கரை நோயாளிகள் தினமும் இரவில் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்; அவர்களுக்கு முள் குத்தியதே தெரியாமல் போகலாம்.

ஒருவர் பயன்படுத்திய பிளேடை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே கல்லீரலைத் தாக்கும் மஞ்சள்காமாலைக் கிருமி பரவும். முடி திருத்தும் கடையில் புதிய பிளேடு கேட்பது உங்கள் உரிமை.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் முடிச்சுகளை எடுத்த பெண்களுக்கு அந்தப் பக்கக் கை வீங்க வாய்ப்புண்டு. அந்தக் கையில் சூடோ வெட்டோ படாமல் குடும்பத்தார் அடுப்படி வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கை சிவந்து காய்ச்சல் வந்தால் தாமதிக்கக் கூடாது.

எல்லா நெறியும் புண்ணால் வருவதல்ல. வலியே இல்லாமல் கெட்டியாக இருப்பது, இரண்டு மூன்று வாரமாகியும் கரையாமல் வளர்வது, காறை எலும்புக்கு மேலே தென்படுவது, இரவு வியர்வையும் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்து வருவது ஆகியவை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. கழுத்தில் வரிசையாக வரும் நெறியைக் ‘கண்டமாலை’ என்பார்கள். பெரும்பாலும் அது காசநோய். முறையாக மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். மந்திரித்துக் கயிறு கட்டிக் காலம் கடத்துவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

அந்தப் பெரியவரிடம் ஒருநாள் மருத்துவர் ஒருவரைப் பேசவைத்தோம். “கழுவக் கழுவத்தான் காலுக்கு நல்லது. ஒதுங்கி நிற்காதீர்கள்” என்று மருத்துவர் சொன்னபோது, அவர் முதலில் பார்த்தது தம் காலை அல்ல, சுற்றி நின்ற எங்களை. மறுவாரம் குழாயடியில் உயரமான ஓர் இருக்கையும் சோப்பும் துண்டும் வைத்தோம். உங்கள் ஊரிலும் கைலியை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருப்பவர் இருக்கலாம். அவருக்கு முதலில் இடம் கொடுங்கள்.